நிமிர்ந்து நில்லு

லோஷினி முதன்முதலாகக் குந்தி உட்கார்ந்தது எங்கே என்பது இன்றைக்கும் சரியாகத் தெரியவில்லை. ஈப்போ ஜெலாப்பாங் அடுக்குமாடியில், மின்தூக்கிக்கு முன்னால் என்று அவளுடைய அப்பா தர்மேந்திரன் சொல்வான். காம்பாரில் ஒரு சந்தையில், சோளம் விற்கிற கடைக்குப் பக்கத்தில் என்று அம்மா தினேஸ்வரிக்கு ஞாபகம். ஆனால் அந்த ஞாபகத்தில் குழந்தை போட்டிருக்கிற மஞ்சள் கவுன், அதற்கப்புறம் வந்த தீபாவளிக்கு வாங்கியது. ஆகவே அதையும் நம்புவதற்கில்லை. இந்தக் கதையிலும் சில இடங்கள் முன்னும் பின்னுமாக மாறியிருக்கலாம். மாறாமல் நிற்பது அந்தக் குழந்தை குந்துகிற விதம் ஒன்றுதான்.

ஓடிக்கொண்டே இருப்பாள். திடீரென்று நிற்பாள். பாதம் இரண்டும் தரையில் அழுந்த, முழங்கால்கள் மார்பில் முட்ட, அப்படியே குந்திவிடுவாள். முகவாயை முட்டியில் வைத்துக்கொண்டு, தரையில் எதையோ படிப்பவள்போல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பாள். பிறகு எழுந்து மறுபடியும் ஓடுவாள்.

மற்றவர்களுக்கு இதில் பார்க்க ஒன்றுமில்லை. தினேஸ்வரிக்கு இருந்தது.

அவள் சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவள். இடைநிலைப் பள்ளிக்குப் போக பஸ் தோட்டத்துக்குள் வராது. பெரிய ரோட்டு முச்சந்தி வரை நடந்துபோய்க் காத்திருக்க வேண்டும். அங்கே நிழலும் கிடையாது, உட்கார ஒரு பலகையும் கிடையாது. தோட்டத்துப் பிள்ளைகள் எல்லாரும் பையை மடியில் வைத்துக்கொண்டு ரோட்டோரம் வரிசையாகக் குந்தியிருப்பார்கள். வீட்டில் பெரியவர்கள் அப்படித்தான் உட்கார்ந்தார்கள், பிள்ளைகளும் உட்கார்ந்தார்கள். ஒருநாள் பஸ் வந்து நின்றபோது டவுன் பெண்கள் ஜன்னல் வழியாக எட்டிப்பார்த்து, "பெரட்டுக்குக் குந்திக்கிட்டு இருக்குங்க பாரு," என்று சொல்லிச் சிரித்தார்கள். காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரித்துக் கொடுப்பதற்குத் தோட்டத்தில் பெரட்டு என்று பெயர். அந்தச் சொல்லை அந்தப் பெண்கள் எங்கே பிடித்தார்களோ.

மறுநாளிலிருந்து தினேஸ்வரி நின்றாள். வெயிலிலும் நின்றாள், காய்ச்சலோடும் நின்றாள். பிறகு தோட்டம் கைமாறியது. ஆட்கள் வரிசையாகக் குடியிருந்த லயங்களை இடித்தார்கள். குடும்பங்கள் திசைக்கொன்றாகப் போயின. அவள் ஈப்போவில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்து, மூன்று மொழியில் வாடிக்கையாளரோடு பேசப் பழகிக்கொண்டாள். தன் உடம்பில் தோட்டம் எங்கேயும் தெரியாது என்று நம்பினாள். அதற்கப்புறம் மகள் மின்தூக்கிக்கு முன்னால் குந்தினாள்.

"ஏய், எந்திரி. என்ன இது, பெரட்டுக்கு வந்த மாதிரி? நிமிர்ந்து நில்லு."

தர்மேந்திரன் சிரித்தான். "விடுலா. எங்கப்பா மரத்தடியில குந்துனாருன்னா ரெண்டு பீடி முடிஞ்சாத்தான் எந்திரிப்பாரு. பேத்தி பீடி ஒண்ணுதான் கேக்கல."

"நீங்க இப்படிப் பேசிப் பேசித்தான் அவ செய்யிறா. நாளைக்குப் பள்ளிக்கூடத்துல நாலு பேரு சிரிச்சா நீங்களா போய் நிப்பீங்க?"

"நான் போய்க் குந்துவேன்," என்றான் அவன்.

தினேஸ்வரி சிரிக்கவில்லை. அன்றிலிருந்து பழக்க ஆரம்பித்தாள். கெட்ட மனதோடு அல்ல. நின்றால் பிஸ்கட். நிற்காவிட்டால் சுவரில் மாட்டியிருந்த ரோத்தானைப் பார்ப்பாள். அந்தப் பிரம்பை ஒரே ஒருதரம்தான் எடுத்திருக்கிறாள், அதுவும் கெண்டைக்காலில் பட்டும் படாமலும். வெளியிடங்களில் சத்தம் போடமுடியாது என்பதால் ஒரு சாடை வைத்திருந்தாள். உள்ளங்கையை மேல்பக்கமாக மெல்லத் தூக்குவாள். எழுந்திரு என்று அர்த்தம். குழந்தை சீக்கிரமே கற்றுக்கொண்டது. முழங்கால் மடங்கப்போகிற நேரத்தில் முதலில் அம்மாவின் கையைத் தேடும்.

இதற்கெல்லாம் முன்னால் இன்னொன்று நடந்திருந்தது. லோஷினி கைக்குழந்தையாக இருந்தபோது கிளினிக்கில் ஒரு மிஸ்ஸி, அதாவது தாதி, நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, லேசாக ஒரு சத்தம் இருக்கிறது, டாக்டர் பார்க்கட்டும், இன்னொரு நாள் கொண்டு வாருங்கள் என்றாள். அந்த இன்னொரு நாளுக்குள் கோவிட் ஊரடங்கான எம்சிஓ வந்து ஊரே கதவைச் சாத்திக்கொண்டது. கதவு திறந்தபோது குழந்தை கொழுகொழுவென்று ஓடிக்கொண்டிருந்தது. அழும்போது மட்டும் உதடு கொஞ்சம் கறுக்கும். பிறவி நிறம் என்றார்கள். மறந்துவிட்டார்கள் என்று சொல்லமுடியாது. மறப்பதற்கு இடம் கிடைத்தது.

பாலர் பள்ளி விளையாட்டுப் போட்டி ஒரு சனிக்கிழமை காலையில் நடந்தது. பிள்ளைகள் பாடாங் திடலின் ஒரு முனையில் பந்தை எடுத்து, மறுமுனையில் இருக்கிற கூடையில் போடவேண்டும். கார்மென் டீச்சர் விசில் ஊதினாள். பச்சை ரிப்பன் கட்டிய லோஷினி முதல் ஆளாக ஓடினாள். பாதி தூரத்தில் நின்றாள். முழங்கால்கள் மடங்கத் தொடங்கின.

பின்னால் யாரோ, "அடடே, பாப்பாவுக்கு வயித்தக் கலக்கிடுச்சு போல," என்றார்கள். சிரிப்பு எழுந்தது.

லோஷினி பாதி மடங்கிய நிலையில் கூட்டத்தில் அம்மாவைத் தேடினாள். கண்டுபிடித்தாள். தினேஸ்வரி உள்ளங்கையை மேல்பக்கமாக மெல்லத் தூக்கினாள்.

குழந்தை நிமிர்ந்தது. அம்மாவைப் பார்த்துக்கொண்டே சில அடி நடந்தது. உதடும் நகக்கண்ணும் நாவல்பழ நிறத்துக்குப் போயின. பந்து கையிலிருந்து உருண்டது. அப்புறம் குழந்தையும் விழுந்தது.

பொது மருத்துவமனைக்கு கார்மென் டீச்சரின் காரில்தான் போனார்கள். வழியெல்லாம் தினேஸ்வரியின் வலது கை அவள் மடியில் உள்ளங்கை மேலாக அப்படியே கிடந்தது. அதைத் திருப்பிப் போட அவளுக்குத் தோன்றவில்லை.

இரண்டாம் நாள் டாக்டர் கூப்பிட்டுப் பேசினார். இளம் சீனப் பெண். ஒரு தாளில் இதயத்தை வரைந்து மலாயில் நிதானமாகச் சொன்னார். பக்கத்தில் நின்ற பெட்ரீசியா மிஸ்ஸி தமிழில் சொன்னாள். ஓய்வுபெறப்போகிற வயது. குரலில் அதட்டல் இருக்கும். கை மட்டும் குழந்தைகளிடம் பஞ்சு மாதிரி.

"கேளுங்கம்மா. இதயத்துல நாலு ரூமு. மேல ரெண்டு, கீழ ரெண்டு. கீழ் ரூமு ரெண்டுக்கும் நடுவுல சுவரு இருக்கணும். உங்க பாப்பாவுக்கு அந்தச் சுவத்துல ஓட்டை. அது ஒண்ணு. வலது ரூமிலேருந்து ரத்தம் சுவாசப்பைக்குப் போயி காத்து வாங்கிட்டு வரணும். அந்த வழி குறுகிப்போச்சு. அது ரெண்டு. குறுகுன வழியில முட்டி முட்டித் தள்ளுறதால அந்த ரூமோட சதை தடிச்சுப்போச்சு. அது மூணு. உடம்புக்குப் போற பெரிய குழாயி இடது ரூமுக்கு நேரா இருக்க வேண்டியது, நகந்து ஓட்டைக்கு மேல உக்காந்திருக்கு. நாலும் சேந்துதான் வரும். நாலும் பொறக்கும்போதே இருக்கு."

"அப்ப ரத்தம்?" என்றான் தர்மேந்திரன்.

"காத்து வாங்காத ரத்தம் அந்த ஓட்டை வழியா உடம்புக்குப் போயிடுது. அதான் கறுக்குறா."

டாக்டர் ஏதோ கேட்டார். பெட்ரீசியா திரும்பினாள். "ஓடிக் களைச்சா பாப்பா குந்துவாளான்னு கேக்குறாங்க."

தினேஸ்வரி தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "குந்துவா," என்றாள்.

டாக்டரின் முகம் மலர்ந்தது. பாண்டாய், கெட்டிக்காரி என்றார். முழங்காலை மடக்கினால் காலுக்குப் போகிற ரத்தத்துக்குத் தடை விழும். அந்த அழுத்தத்தில் சுவாசப்பைப் பக்கம் கூடுதலாக ரத்தம் திரும்பும். குழந்தைக்கு மூச்சு வரும். இந்தக் குறை உள்ள பிள்ளைகளுக்கு யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை, தாங்களாகவே கண்டுபிடித்துக்கொள்கிறார்கள் என்றார். எப்போதிலிருந்து குந்துகிறாள் என்று கேட்டார். காம்பார் என்று தொடங்கி, மின்தூக்கி என்று மாற்றி, தினேஸ்வரி பேச்சை நிறுத்திவிட்டாள்.

வெளியே நடைவழியில் அவள் மிஸ்ஸியின் கையைப் பிடித்தாள். "மிஸ்ஸி, யாராச்சும் குந்த விடாம பண்ணுனா?"

"யாரு பண்ணா?"

தினேஸ்வரி பிடித்த கையை விட்டாள். பெட்ரீசியா அவளை ஒரு தடவை பார்த்தாள். எதையோ சொல்ல வந்து மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "சரி. இனிமே பண்ணவேணாம். அவ்வளவுதான்."

அந்த வார்டில் இருந்த நாட்களில், இதயத்தில் கோணல் இத்தனை விதமாக இருக்கும் என்று தினேஸ்வரி தெரிந்துகொண்டாள். பக்கத்துக் கட்டிலில் ஸ்டானிஸ்லாஸ் என்கிற லாரி டிரைவரின் மகன். அவனுக்கும் கீழ்ச்சுவரில்தான் ஓட்டை, ஆனால் குட்டி ஓட்டை. தானாக மூடிக்கொள்ளலாம் என்றார்கள். எதிரே நோராய்னி என்கிற மலாய்ப் பெண்ணின் கைக்குழந்தைக்கு இதயத்தின் இடது பாதியே சரியாக வளரவில்லை. ஜன்னலோரத்துச் சீனக் குழந்தைக்குப் பெரிய குழாய்கள் இரண்டும் இடம் மாறிப் பிறந்து, பிறந்த கொஞ்ச நாளிலேயே வெட்டி மாற்றி வைத்திருந்தார்கள். வயிற்றில் இருக்கும்போது திறந்திருந்து, பிறந்ததும் மூடவேண்டிய ஒரு வழி மூடாமலே போன குழந்தையும் வந்துபோனது. நூறு பிள்ளை பிறந்தால் ஒன்றுக்கு ஏதோ ஒரு கோணல் இருக்கும் என்றாள் பெட்ரீசியா.

"இங்க யாரும் பேரு கேக்குறதில்லக்கா," என்றான் ஸ்டானிஸ்லாஸ். "உங்களுக்கு எத்தன ஓட்டைன்னுதான் கேக்குறாங்க."

தர்மேந்திரனின் அக்கா நவமணி சிம்பாங் பூலாயிலிருந்து பார்க்க வந்தாள். வாசலிலேயே குரலைத் தாழ்த்தி, "வயித்துல இருக்கும்போது கிரகணம் வந்திச்சே, வெளிய போனியா தினேசு? எதையாச்சும் வெட்டுனியா?" என்று கேட்டாள்.

தினேஸ்வரிக்கு முன்னால் பெட்ரீசியா பதில் சொன்னாள். "அந்தக் கிரகணத்துக்கு முன்னாலயே பாப்பாவுக்கு இதயம் கட்டி முடிச்சாச்சு. மொத ரெண்டு மாசத்துலயே முடிஞ்சிடும். பாதிப் பேருக்கு உண்டானதே அப்பத் தெரியாது. யாரு மேலயும் குத்தமில்ல. பழம் கொண்டாந்தீங்களா, இல்ல கேள்வி மட்டும்தானா?"

நவமணி ஆரஞ்சுப் பையைக் கொடுத்தாள்.

கோலாலம்பூரில் அறுவை சிகிச்சைக்கு நாள் கொடுத்தார்கள். சில மாதம் காத்திருக்க வேண்டும். அதுவரை மருந்து. கறுத்துப்போகிற நேரத்தில் முழங்கால்களை மார்போடு மடக்கிப் பிடிக்கவேண்டும். நிறம் திரும்பாவிட்டால் உடனே தூக்கிக்கொண்டு வரவேண்டும். "அழ விடாதீங்க. அழுதா இன்னும் கெட்டுப்போகும்," என்று பெட்ரீசியா திரும்பத் திரும்பச் சொன்னாள். "அவளாவே குந்தட்டும். அதுதான் நல்லது."

அவள் குந்தவில்லை.

வீட்டுக்கு வந்த மறுநாள் படுக்கையறையிலிருந்து கூடத்துக்கு ஓடிவந்தவள் மேசைக் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உதடு கறுத்தது. மூச்சு குட்டி குட்டியாக வந்தது. கண் மட்டும் அம்மாவை விட்டு நகரவில்லை.

"உக்காருடா செல்லம். குந்து."

"மாட்டேன். லோஷினி குட் கேர்ள்."

"அம்மா திட்டமாட்டேன்டா. குந்தலாம்."

"அன்னிக்குக் குந்தப் போனேன். அதான் விழுந்துட்டேன்," என்றாள் குழந்தை. யாரோ ஏற்கெனவே அவளுக்கு விளக்கிச் சொன்னதுபோல் அவ்வளவு நிச்சயமாகச் சொன்னாள்.

தினேஸ்வரி தூக்கி மடியில் போட்டு முழங்கால்களை மடக்கினாள். குழந்தை திமிறியது. அழுதது. அழ அழ முகம் சாம்பலானது. தர்மேந்திரன் ஓடிவந்து தலைகீழாகத் தொப்பியை மாட்டிக்கொண்டு ஏதேதோ கூத்தாடி அழுகையை நிறுத்தினான். நிறம் திரும்பிய பிறகு மூவரும் தரையிலேயே கிடந்தார்கள். கீழே ஒரு மோட்டார் சைக்கிள் உறுமி உறுமிக் கிளம்பாமல் நின்றது.

"அடுத்த தடவை நான் வேலையில இருந்தா?" என்றான் தர்மேந்திரன்.

தினேஸ்வரி எழுந்துபோய் ரோத்தானை எடுத்து இரண்டாக ஒடித்துக் குப்பையில் போட்டாள். லோஷினி கவனமாகப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "புதுசு வாங்கப் போறீங்களா?"

தர்மேந்திரன் தவளை ஆட்டம் ஆடிக் காட்டினான். குந்தியபடியே கூடத்தைச் சுற்றினான். லோஷினி கைதட்டினாள். "அப்பாவுக்கு அடி விழும்! அம்மா, அப்பாவ பாருங்க!" என்றாள். அவன் நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு மனைவியைப் பார்த்தான். குந்தாதே என்று பழக்கியவள் நீ என்று அவன் சொல்லவில்லை. அந்த வீட்டில் அப்படிச் சொல்லாமல் விட்டவை நிறைய.

அன்றிரவு தினேஸ்வரி யோசித்துப் பார்த்தாள். சட்டம் போட்டது அவள். அப்பா குந்தினால் அது விளையாட்டு. அம்மா குந்தினால்தான் சட்டம் மாறும்.

ஆனால் அவளால் குந்த முடியவில்லை. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, வாளியைப் பிடித்துக்கொண்டு முயன்றாள். குதிகால் தரையில் பதியவில்லை. இருபது வருஷமாக மடங்காத முட்டி பாதியில் நின்றது. பிடியை விட்டதும் பின்பக்கமாகச் சாய்ந்து விழுந்தாள். தர்மேந்திரன் கதவைத் தட்டினான்.

"என்னமா சத்தம்?"

"ஒண்ணுமில்ல. தோடு கீழ விழுந்திருச்சு. தேடுறேன்."

மறுநாள் காலையும் தோடு விழுந்தது. அதற்கடுத்த நாளும் விழுந்தது. தர்மேந்திரன் குளியலறையில் வழுக்காத ரப்பர் விரிப்பு ஒன்றை வாங்கிப் போட்டுவிட்டு வேலைக்குப் போனான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடத்தில், பொம்மைகளுக்கு நடுவில், தினேஸ்வரி மெல்ல முழங்காலை மடக்கி, குதிகால் பதிய உட்கார்ந்தாள். லோஷினி வாயைத் திறந்தபடி பார்த்தாள். சுற்றி வந்து பின்னாலிருந்தும் பார்த்தாள். பிறகு பக்கத்தில் வந்து, தொடாமல், தானும் குந்தினாள். ஒரு முட்டியோடு இன்னொரு முட்டி உரசியது.

அதற்குப் பிறகு வீட்டுக்குள் குந்தினாள். வாசலைத் தாண்டினால் இல்லை. மின்தூக்கிக்கு முன்னால், கடையில், கார் நிறுத்துமிடத்தில், உதடு கறுத்தாலும் நின்றாள். நாலுபேர் இருக்கிற இடத்தில் குந்தக்கூடாது என்பதைத்தானே முதலில் கற்றுக்கொண்டாள். அங்கெல்லாம் தினேஸ்வரி அவளைத் தூக்கிக்கொண்டு காருக்கு ஓடினாள், யாரும் பார்க்காத இடத்துக்கு. தான் ஏன் ஓடுகிறோம் என்று அவள் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. குழந்தைக்கு அது தெரிந்திருந்தது.

நவமணியின் மகன் ஷர்வினுக்கு சிம்பாங் பூலாய் மண்டபத்தில் கல்யாணம். மாப்பிள்ளையின் மாமி என்கிற முறையில் தினேஸ்வரி தட்டு ஏந்தி நடக்கவேண்டும். மாம்பழ நிறப் பட்டு, அகலமான ஜரிகை. சொந்தக்காரர்கள் மண்டபம் நிறைய இருந்தார்கள். நாதஸ்வரம் முழங்கிக்கொண்டிருந்தது. தர்மேந்திரன் சாப்பாட்டுப் பக்கம் போயிருந்த நேரம். நடுவில் விரித்த சிவப்புக் கம்பளத்தில் பிள்ளைகள் துரத்திப் பிடித்து விளையாடினார்கள்.

லோஷினி நின்றாள்.

கம்பளத்துக்கு நட்டநடுவில், பாவாடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். வாயைச் சுற்றி நிழல் படிவதுபோல் கறுப்பு ஏறியது. கூட்டத்தில் அம்மாவைத் தேடினாள். கண்டுபிடித்தாள். அம்மாவின் கையைப் பார்த்தாள்.

தினேஸ்வரியின் இரண்டு கையிலும் தட்டு இருந்தது. கார் எங்கே நிற்கிறது என்று ஒரு கணம் நினைத்தாள். பிறகு தட்டைப் பக்கத்தில் நின்ற யாரிடமோ திணித்துவிட்டு, கம்பளத்தில் நடந்து வந்து, மகளுக்கு எதிரே, பட்டுச்சேலையோடு, குதிகால் பதியக் குந்தினாள்.

"லோஷினி, அம்மா களைச்சுப் போயிட்டேன். என் பக்கத்துல வந்து குந்திக்கிறியா?"

குழந்தை சுற்றிலும் பார்த்தது. "எல்லாரும் பாக்குறாங்கம்மா."

"பாக்கட்டும்."

"சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும்டா. நம்ம மூச்சு நமக்கு."

லோஷினி வந்தாள். முழங்கால் மடங்கியது. முகவாய் முட்டியில் இறங்கியது. தலை அம்மாவின் தொடையில் சாய்ந்தது. தினேஸ்வரி அவள் முதுகில் கையை வைத்துக்கொண்டு, உள்ளே அந்தச் சின்ன இதயம் அடித்துக்கொள்வதை உணர்ந்தாள்.

வீடியோக்காரப் பையன் பின்பக்கமாக நடந்து வந்து கிட்டத்தட்ட அவர்கள்மேல் விழப்போனான். "அலாமா! அக்கா, மாப்ள வாராருக்கா. கொஞ்சம் எந்திரிங்கக்கா."

"முடியாது தம்பி. சுத்திப் போகச் சொல்லு."

"சுத்தியா? கல்யாணம்க்கா!"

நவமணி வேகமாக வந்தாள். "ஏன்டி தினேசு, என்ன இது? எல்லாரும் பாக்குறாங்க, லயத்து வாசல்ல குந்துன மாதிரி…"

"ஆமாக்கா," என்றாள் தினேஸ்வரி. "அதே மாதிரிதான்."

நவமணியின் கண் குழந்தையின் உதட்டில் விழுந்தது. வாயை மூடினாள். திரும்பி வீடியோக்காரனைப் பார்த்து, "என்னலா நிக்கிற? சுத்திப் போகச் சொன்னாங்கல்ல!" என்று சத்தம் போட்டாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "ஐயோ, என் முட்டி," என்று முனகியபடி, மகனின் கல்யாணத்தன்று, அவர்களுக்குப் பக்கத்தில் தானும் குந்தினாள்.

"அத்தையும் களைச்சிட்டீங்களா?" என்று லோஷினி கேட்டாள்.

"காலையிலேருந்து நின்னுக்கிட்டே இருக்கேன்மா."

மாப்பிள்ளை ஊர்வலம் அவர்களைச் சுற்றிக்கொண்டு போனது. யாரோ சிரித்தார்கள் என்றுதான் நினைக்கிறேன், சிரித்திருக்கலாம். தினேஸ்வரி உதட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். நாவல்பழம் செம்பருத்தியாக மாறும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகு லோஷினி எங்கே களைத்தாலும் அங்கேயே குந்தினாள். ஒருமுறைகூட அம்மாவின் கையைத் தேடவில்லை.

அறுவை சிகிச்சை அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் கோலாலம்பூரில் நடந்தது. ஓட்டையை ஒட்டுப்போட்டு அடைத்தார்கள், குறுகிய வழியை அகலமாக்கினார்கள். பெரியவளானதும் அந்த வழியில் ஒரு வால்வு வைக்க நேரலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். லோஷினி இப்போது நன்றாக இருக்கிறாள். வேகமாக ஓடமாட்டாள், ஆனால் நிறுத்தாமல் ஓடுவாள். எறும்பைப் பார்ப்பதற்கு மட்டும்தான் குந்துகிறாள். ஸ்டானிஸ்லாஸின் மகனுக்கு ஓட்டை தானாகவே மூடிக்கொண்டது. ஜன்னலோரத்துச் சீனக் குழந்தை நடக்கிறது. நோராய்னியின் குழந்தை பிழைக்கவில்லை. அவள் ஒவ்வொரு ஹரிராயா பெருநாளுக்கும் லோஷினிக்கு வாழ்த்து அனுப்புகிறாள். பெட்ரீசியா ஓய்வுபெற்று காம்பாரில் தங்கையோடு இருக்கிறாள். நவமணிக்கு முட்டிவலி நிரந்தரமாகிவிட்டது. அந்தக் கல்யாணத்தைத்தான் காரணம் சொல்கிறாள். தர்மேந்திரன் இன்னமும் தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறான். தினேஸ்வரி அதே கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறாள். கார் இல்லாத நாட்களில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது, உட்கார இடம் இல்லையென்றால், பையை மடியில் வைத்துக்கொண்டு ரோட்டோரம் குந்துகிறாள்.